ஏரிக்கரைச் சவாரி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகிற சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிற சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது ஒரகடம். ஷிப்டு மாறுகிற சமயத்தில் அந்த நாற்சந்திப் பக்கம் ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். புதுக் கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்ட நீண்ட லாரிகள் வரும். கப்பலுக்குப் போகும் இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு டிரெய்லர்கள் பூமி அதிர வரும். இவ்வளவுக்கும் நடுவில், சாலையோரத்து வெள்ளைக் கோட்டுக்கும் அப்பால், புழுதியில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் சைக்கிளில் போவார். இரவுக் காவல் முடிந்து வீடு திரும்பும் வாட்ச்மேனாக இருக்கலாம்; தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும் கொத்தனாராக இருக்கலாம். ஒவ்வொரு லாரியும் அவரைப் பார்த்து ஹாரன் அடிக்கும். "நீ எதற்காக இங்கே வந்தாய்?" என்று அதட்டுவது போலிருக்கும் அந்தச் சத்தம்.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் சைக்கிள்காரர்தான். அங்கே ஓடுகிற வாகனங்களுக்கெல்லாம் சைக்கிள் பாட்டன் முறை ஆகவேண்டும். பேரன்மார் வளர்ந்து, கொழுத்து, பாட்டனாரைத் திண்ணையிலிருந்தும் தள்ளிவிட்டார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அதுதான் நடந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டு, குத்துப்பட்ட பாட்டனார் இப்போது எங்கே ஒதுங்கி நிம்மதியாக உலாவுகிறார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஜெர்மனியில் மான்ஹைம் என்று ஒரு நகரம். 1817-ஆம் வருஷம் ஜூன் மாதம் 12-ஆம் தேதி, அந்த நகரத்திலிருந்து கார்ல் வான் டிரைஸ் என்ற வன இலாகா உத்தியோகஸ்தர் ஒரு விசித்திரமான மரவண்டியில் ஏறிப் புறப்பட்டார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், நடுவில் உட்கார ஒரு பலகை. பெடல் கிடையாது, சங்கிலி கிடையாது. இரண்டு காலாலும் தரையை உந்தித் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான். நம் ஊர்ப் பையன்கள் சைக்கிள் பழகும்போது முதலில் செய்வார்களே, அதே வித்தை. போகவரச் சுமார் 13 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் அவர் முடித்துவிட்டார். குதிரைக்குக் கொள் வைக்காமலே குதிரையின் வேகம் கிடைத்துவிட்டது.

ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அந்தக் காலத்துச் சாலைகள் வண்டித் தடம் விழுந்து குண்டும் குழியுமாகக் கிடந்தன. ஆகவே இந்த மரக்குதிரைக்காரர்கள் நடைபாதையில் ஏறினார்கள். நடந்து போகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே மான்ஹைமில் நடைபாதைச் சவாரிக்குத் தடை வந்துவிட்டது. சைக்கிளுக்கு எங்கேயும் இடமில்லை என்ற வழக்கு ஒரகடத்தில் ஆரம்பித்ததல்ல. அது சைக்கிள் பிறந்த வருஷத்திலேயே கூடப் பிறந்தது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அபிவிருத்திகள். 1860-களில் பாரிஸ் நகரத்தில் முன் சக்கரத்துக்குப் பெடல் வைத்தார்கள். அடுத்த பத்து வருஷத்தில் முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அதில் ஏறுவதற்குச் சர்க்கஸ்காரனின் தைரியம் வேண்டியிருந்தது. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்து, பின் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டார். இன்று நம் தெருவில் போகிற சைக்கிள் அதுதான். அதற்குப் பிறகு அடிப்படையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 1888-இல் பெல்பாஸ்டில் டன்லப் என்ற மிருக வைத்தியர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த ரப்பர் டயருக்குப் பேடண்டு வாங்கினார். அதோடு சைக்கிளுக்கு எலும்பு நோகாத காலம் பிறந்தது.

இங்கேதான் பேரன்மார் வருகிறார்கள். டிரைஸின் அதே மான்ஹைம் நகரத்தில் கார்ல் பென்ஸ் என்று ஒரு இஞ்சினீயர் இருந்தார். இளமையில் பழைய மரச் சைக்கிளில் ஊர் சுற்றியவர். அவர் 1886-இல் மோட்டார் வண்டிக்குப் பேடண்டு வாங்கினார். அந்த வண்டியின் கம்பிச் சக்கரத்தையும் சங்கிலியையும் பார்த்தால் அது எந்த வம்சம் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம். ஒரகடத்தில் 2012-இல் லாரி செய்ய ஆரம்பித்த தொழிற்சாலை தன் லாரிகளுக்கு 'பாரத்பென்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது. அந்த நாற்சந்தியில் பாரத்பென்ஸ் லாரி ஒன்று சைக்கிளைப் பார்த்து உறுமினால், பேரன் பாட்டனாரைப் பார்த்து உறுமுகிறான் என்று அர்த்தம்.

இன்னொரு பேரனும் அங்கேயே இருக்கிறான். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர் ஊசிக்குப் பேர்போனது. அங்கே ஊசி செய்துகொண்டிருந்தவர்கள் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். சைக்கிளுக்கு ராயல் என்பீல்டு என்று பெயரிட்டார்கள். 1901-இல் சைக்கிளுக்கு ஒரு மோட்டாரையும் மாட்டினார்கள். 1955-இல் அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் என்பீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது. ரெட்டிச் மூடப்பட்டுப் போயிற்று, சென்னை வாழ்ந்தது. 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் பக்கத்து வல்லம் வடகாலிலும் அதற்குப் புதுத் தொழிற்சாலைகள் வந்தன. டன்லப் மகனுக்குச் செய்த டயரின் சந்ததியோ, அதே ஒரகடத்தில் டயர்த் தொழிற்சாலையாக நிற்கிறது.

சாலை விஷயம் இன்னும் வேடிக்கை. நல்ல சாலை வேண்டும் என்று முதலில் கொடி பிடித்தவர்கள் மோட்டார்க்காரர்கள் அல்ல. 1880-இல் தொடங்கிய அமெரிக்கச் சைக்கிள்காரர்களின் சங்கமும், 1878-இல் தொடங்கிய இங்கிலாந்துச் சங்கமும்தான் முதலில் அந்தக் கிளர்ச்சியைச் செய்தன. அவர்கள் கேட்டு வாங்கிய சாலையில் மோட்டார் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அந்தச் சங்கத்தார் நல்ல சாலை கேட்டது சீக்கிரம் ஊர் போய்ச் சேருவதற்காக அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்துப் புகையை விட்டுவிட்டு, ரெயில் போகாத கிராமங்களையும், மரத்தடிச் சத்திரங்களையும் பார்த்து வருவதற்காகவே கேட்டார்கள். அதுவரையில் ஊர் சுற்றிப் பார்ப்பது குதிரை வைத்திருந்த பிரபுக்களின் சுகம். சைக்கிள் அந்தச் சுகத்தைக் கடைச் சிப்பந்திக்கும் குமாஸ்தாவுக்கும் கொடுத்தது. எச். ஜி. வெல்ஸ் 1896-இல் 'தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்' என்று ஒரு நாவல் எழுதினார். அதில் கதாநாயகன் ஒரு ஜவுளிக் கடைச் சிப்பந்தி. வருஷத்தில் பத்து நாள் லீவு. அந்தப் பத்து நாளும் ஒரு பழைய சைக்கிளில் தென் இங்கிலாந்தைச் சுற்றுகிறான். வெல்ஸும் இளமையில் ஜவுளிக் கடையில் வேலை பார்த்துத் துன்பப்பட்டவர். ஆகவே அந்தப் பத்து நாளின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. முதலாளி கொடுத்த ஓய்வு அல்ல. சக்கரம் கொடுத்த சுதந்திரம் அது.

நம் நாட்டில் சைக்கிளின் ஜாதகம் வேறு மாதிரி அமைந்தது. ஆரம்பத்தில் அது துரைமார்களுக்கும் செல்வர்களுக்கும் உரிய சீமைச் சாமானாக வந்தது. 1949-இல் டி. ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஏற்பட்டு, அம்பத்தூரிலேயே சைக்கிள் செய்ய ஆரம்பித்த பிறகு நடுத்தரக் குடும்பத்து வாசலுக்கு அது வந்து சேர்ந்தது. வந்த நாள் முதல் அதற்கு வேலைதான். தபால்காரர் ஏறினார், பால்காரர் இரண்டு பக்கமும் கேனைக் கட்டினார், பள்ளிக்கூடத்து வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மனைவி பின்னால், மூத்த குழந்தை முன்னால் என்று குடும்பமே ஏறியது. அதற்கு நகரசபை வரி உண்டு. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு தகட்டு வில்லை உண்டு. இரவில் விளக்கு இல்லாவிட்டால் போலீஸ்காரர் உண்டு. இரண்டு பேர் ஏறிப் போனாலும் அவரே உண்டு! இத்தனை கவலையோடு ஓடுகிற வாகனத்தில் உல்லாசத்துக்கு எங்கே இடம்?

இடம் இருந்த ஒரே காலம் பிள்ளைப் பிராயம். வாடகைச் சைக்கிள் கடையில் மணிக்கணக்கில் காசு கொடுத்து, சீட்டு எட்டாமல், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டவர்களுக்கு அது தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில் எங்கேயும் போகவேண்டியதில்லை. போய்க்கொண்டே இருந்தால் போதும். பெரியவனானதும் போகிற இடம் ஒன்று வந்து சேர்ந்துவிடும். இன்பம் இறங்கிவிடும்.

பெண்களுக்கோ அந்தப் பிள்ளைப் பிராயத்துச் சுகமும் பெரும்பாலும் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு காலம் வந்தது. வந்த இடம் ஸ்ரீபெரும்புதூருக்கு வெகு தூரம் தெற்கே இருக்கும் புதுக்கோட்டை. 1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்டக் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு கூடச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கல்லுடைக்கிறவர்களும் கூலி வேலைக்காரிகளும் நர்சுகளும் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். 1992-இல் மகளிர் தினத்தன்று சைக்கிளில் திரண்டு நகரத்தையே திகைக்க வைத்தார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனபோது, ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்க அதுவே சௌகரியம் என்றும் கண்டுகொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அவர்களுக்குப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரம் மிச்சமாயிற்று என்பது கணக்கு. மாலை நேரத்தில் ஒருத்தி யாரையும் கேட்காமல் ஊர் எல்லை வரைக்கும் போய்த் திரும்பினாளே, அந்தச் சந்தோஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்த விதை பிறகு மாகாணம் முழுவதும் முளைத்தது. 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்குத் தமிழக அரசாங்கம் இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கிற எல்லாருக்கும் அது விரிந்தது. ரெட்டைப் பின்னலும் சீருடையுமாகப் பெண்கள் கூட்டமாகச் சைக்கிளில் போகிற காட்சி தமிழ்நாட்டுக் கிராமச் சாலைக்கே ஓர் அலங்காரமாயிற்று.

இனி ஒரகடத்துக்குத் திரும்பலாம். பெரிய சாலையில் பாட்டனாருக்கு இடம் இல்லை என்றேன். ஆனால் அந்தச் சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் விலகிவிட்டால் வேறோர் உலகம் தொடங்குகிறது. காஞ்சிபுரம் சீமைக்கு ஏரிகளின் மாவட்டம் என்று பெயர். செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், மணிமங்கலம், சோமங்கலம், தென்னேரி என்று பெரிய ஏரிகள். இவற்றுக்கிடையில் சிற்றூர்தோறும் ஒரு சின்ன ஏரி. ஏரிக்கு ஒரு கரை. கரையில் ஒரு மண் பாதை அல்லது கரையடியில் ஓர் ஒற்றைத் தார் ரோடு. மோட்டாருக்கு அங்கே வேலை இல்லை. லாரி திரும்ப இடமில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்து, தண்ணீர் கரை தொட்டு நிற்கிற நாளில் அங்கே சைக்கிளில் போய்ப் பாருங்கள். பனைமரங்களின் வரிசை தண்ணீரில் தலைகீழாக நிற்கும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும். மதகுக் கட்டையில் ஒரு மீன்கொத்தி தவம் செய்யும். எதிரே வருகிறவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார்; நீங்கள் இறங்கி வழி விடவேண்டும். சில இடங்களில் சீமைக் கருவேலம் வழியை அடைத்திருக்கும். அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். முள்ளுக்குப் பயந்தவர்கள் பஞ்சர் ஒட்டும் சாமான்களை எடுத்துக்கொண்டு போவது நல்லது.

மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகம் போதும். அந்த வேகத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நடப்பவன் களைத்துவிடுகிறான், காரில் போகிறவன் எதையும் காண்பதற்குள் கடந்துவிடுகிறான். மெதுவாகச் சைக்கிளில் போகிறவனுக்கு ஒரு காலையில் நாலைந்து ஊரும், ஒவ்வோர் ஊரிலும் ஆயிரம் வருஷமும் கிடைக்கும்.

மணிமங்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சளுக்கியப் புலிகேசியை முறியடித்த இடங்களில் மணிமங்கலத்தையும் கூரம் செப்பேடு சொல்கிறது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் மெய் சிலிர்க்கும். வீரராஜேந்திர சோழனின் கூடல்சங்கமத்து வெற்றியைச் சொல்லும் கல்வெட்டும் அந்த ஊரில்தான் இருக்கிறது. பெரிய சாலையில் போனால் அது ஒரு கைகாட்டிப் பலகை, அவ்வளவுதான்.

அடுத்தது சோமங்கலம். அந்த ஊர்க் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பெருமழையால் ஏரி உடைந்ததையும், ஊரார் ஒருவர் தம் செலவில் கரையை அடைத்ததையும், அதோடு நில்லாமல் கரையை மேலும் பராமரிப்பதற்கென்று சபையாரிடம் பணம் கொடுத்து வைத்ததையும் அது சொல்கிறது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்து வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கிற சென்னைவாசிகளுக்கு அந்தக் கல்வெட்டின் ஒவ்வொரு வரியும் நேற்று வெட்டியது போலிருக்கும். நம் சைக்கிள் ஓடுகிற இந்தக் கரைகளைப் போட்டவர்கள் உல்லாசச் சவாரிக்காகப் போடவில்லை, உழவுக்காகப் போட்டார்கள். இருந்தாலும், அழகான சைக்கிள் பாதையாகவும் அது அமைந்துவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் 1017-இல் ராமானுஜர் பிறந்த ஊர். பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சி வரதருக்குக் கைங்கரியம் செய்யத் திருக்கச்சி நம்பிகள் தினந்தோறும் அவ்வழியே நடந்து போவார் என்றும், அவரைப் பார்த்துப் பார்த்தே இளையாழ்வாருக்குப் பக்தி மூண்டது என்றும் வைஷ்ணவப் பெரியோர் சொல்வார்கள். அந்த வழிதான் இன்று பெங்களூர் நெடுஞ்சாலை. நம்பிகள் இன்று பூக்கூடையோடு அங்கே நடந்தால், ராமானுஜர் அவரைக் காண்பதற்கு முன் ஏதாவது ஒரு லாரி கண்டுவிடும்.

இவற்றையெல்லாம் விடப் பழமையான ஒன்று ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வடக்குப்பட்டு என்ற கிராமத்தில் 2022-இல் தொல்லியல் துறையார் தோண்டியபோது கற்கால மனிதரின் கருவிகள் கிடைத்தன. கருவி செய்கிற தொழில் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று தெரிகிறது. முதல் தொழிலாளி கல்லைச் செதுக்கிவிட்டுச் சாயங்காலம் தண்ணீர்க் கரையில் கொஞ்சம் சும்மா உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

ஏனென்றால் இன்றைய தொழிலாளிக்கு அது கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சென்னையிலிருந்து தலைக்கவசமும் விலையுயர்ந்த சைக்கிளுமாக அன்பர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். வரட்டும், அவர்கள் வருவது நல்லதே. ஆனால் இந்த ஏரிகளுக்கு நடுவிலேயே வாழ்கிறவர்கள் அவற்றைப் பார்க்கிறார்களா? 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கக்கூடிய பெரிய விடுதி ஒன்று திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து வந்து, கைப்பேசிப் பாகங்களைக் கோக்கிற பெண்கள் அங்கே தங்குகிறார்கள். விடுதியிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து தொழிற்சாலை, மறுபடி பஸ். அவர்களில் எத்தனையோ பேர் பதினாறு வயதில் அரசாங்கச் சைக்கிளில் ஊர் எல்லையைக் கடந்து பள்ளிக்கூடம் போனவர்களாக இருப்பார்கள். அந்தச் சைக்கிள் இப்போது ஊரில் தம்பியிடம் இருக்கும். அல்லது திண்ணையில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். சம்பாதிக்க ஆரம்பித்ததும் சைக்கிள் போய்விட்டது. சைக்கிளோடு, தானாக ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துப் போகிற அந்த அரை மணி நேரமும் போய்விட்டது.

வெல்ஸின் ஜவுளிக் கடைச் சிப்பந்திக்குப் பத்து நாள் கிடைத்தது. இந்தப் பெண்களுக்கு வாரத்தில் ஒரு மாலையாவது கிடைக்கக்கூடாதா? இதற்குப் பெரிய திட்டமோ, கோடிக்கணக்கில் பணமோ வேண்டியதில்லை. பழைய காலத்து வாடகைச் சைக்கிள் கடை ஒன்று விடுதி வாசலில் வேண்டும். பெரிய சாலையைக் கடந்து ஏரிப் பக்கம் போக ஆபத்தில்லாத ஒரு வழி வேண்டும். கரையில் முள் வெட்டியிருக்க வேண்டும். இருட்டுகிற நேரத்துக்கு நாலு விளக்கும், பெண்கள் பயமில்லாமல் போகலாம் என்ற நம்பிக்கையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஏரி ஏரியாகவே இருக்க வேண்டும். மனைக் கற்கள் நட்ட பிறகு அங்கே சவாரிக்கு ஒன்றும் இராது.

சோமங்கலத்தில் கரையை அடைத்துவிட்டு, வருங்காலத்துக்கும் பணம் கொடுத்து வைத்தவர் தம் ஊருக்கு என்ன தேவை என்று அறிந்திருந்தார். தொழிற்சாலைகளைக் கட்டியவர்களும், சாலைகளை அகலப்படுத்தியவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மணிமங்கலம் ஏரிக்கரையில் மெதுவாக ஒரு சுற்றுப் போய்வந்தால், இந்தக் கட்டுரையில் நான் கேட்டிருப்பதை யாரும் கேட்காமலே செய்துவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.